முப்பத்தாறு கிலோ பிள்ளைகள்

பிறவி ஒல்லியா, உள்ளுக்குள் வற்றிப்போன உடம்பா? பதின்வயதில் எடை குறைந்த பிள்ளைகளை வீடும் பள்ளியும் அரசுத் திட்டங்களும் கோட்டைவிடுகிற இடம் எது? ஒரு ரிப்போர்ட்.

பள்ளி வராண்டாவில் எடை மிஷின். பக்கத்துத் தூணில் உயரம் அளக்க ஒட்டிய டேப். நடமாடும் மருத்துவக் குழுவின் ஜீப் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. பத்தாம் வகுப்பு மாணவிகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் வருகிறார்கள். நர்ஸ் எண்ணைச் சொல்ல, வகுப்பாசிரியை நோட்டில் எழுதுகிறார்.

"நாற்பத்தெட்டு... நாற்பத்திரண்டு... முப்பத்தாறு."

வரிசையில் சிரிப்பு. "காத்தடிச்சா பறந்துருவ, புடிச்சுக்கடி" என்கிறது ஒரு குரல். முப்பத்தாறு கிலோவும் சேர்ந்தே சிரிக்கிறாள். அடுத்து ஏறியவள், "சத்தமா சொல்லாதீங்க மிஸ்" என்கிறாள். அவள் எடை அறுபத்தொன்று.

டாக்டர் அந்த ஒல்லிப் பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்க்கிறார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடக்கிறது.

"காலைல என்னம்மா சாப்பிட்ட?"

"டீ, டாக்டர்."

"டீயோட?"

"ரெண்டு பிஸ்கட்."

"மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

அவள் தோழியைப் பார்க்கிறாள். பதில் வரவில்லை. ஒரு சீட்டு எழுதப்படுகிறது: மெலிவு, ரத்தசோகை சந்தேகம், அரசு மருத்துவமனையில் மேல்பரிசோதனை. அதை எடுத்துக்கொண்டு போக அம்மா ஒருநாள் கூலியை விட வேண்டும். பெரும்பாலான சீட்டுகள் புத்தகப் பைக்குள்ளேயே நைந்துபோகின்றன.

மருத்துவக் குழு வருகிற எந்த அரசுப் பள்ளியிலும் காணக்கூடிய காட்சிதான் இது. தனியார் பள்ளியில் இதே பெண் இருந்தால் சீட்டுகூடக் கிடைக்காது. அங்கே அவளுக்குப் பெயர் 'ஸ்லிம்'.

எத்தனை பேர்?

2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதுள்ளவர்களைத் தனியே அளந்தது. நான்கில் ஒருவர், அதாவது 24 சதவீதம் பேர், வயதுக்கேற்ற எடை இல்லாத மெலிந்த உடல்வாகு. ஆச்சரியம் அடுத்த வரியில் இருக்கிறது: பெண்களில் 19 சதவீதம், பையன்களில் 29 சதவீதம். 'பொம்பளப் புள்ளைக்குத்தான் சத்துக் குறைவு, பையனுக்குத்தான் நல்லாப் போடுறோமே' என்ற நம் வீட்டு நினைப்புக்கு இந்த எண் ஒத்துவரவில்லை. பையன்களின் வளர்ச்சி வேகம் தாமதமாகத் தொடங்கி நீண்டு போகிறது. அந்த உடம்பு கேட்கிற சாப்பாடும் பெரிது. கிடைக்காதபோது அது மெலிவாகத் தெரிகிறது.

ரத்தசோகையில் கணக்கு தலைகீழ். அதே ஆய்வில் பெண்களில் 40 சதவீதம், பையன்களில் 18 சதவீதம். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் 15-19 வயதுப் பெண்களின் எண் இன்னும் கூடுதல்: நாட்டளவில் 59.1 சதவீதம், தமிழ்நாட்டில் 52.9. முதல் ஆய்வுபோல நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கும் விரலில் குத்துவதற்கும் அளவு மாறும் என்று நிபுணர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் இரண்டு பெண்களுக்கு ரத்தம் போதவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒல்லியாக இருக்கிற எல்லோருக்கும் ரத்தசோகை இல்லை. வராண்டாவில் 61 கிலோ காட்டிய பெண்ணுக்கும் ரத்தசோகை இருக்கலாம். எடை ஒரு கதவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: எந்த எடை குறைவு?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. இந்தக் கோட்டைப் பதின்வயதினருக்கு அப்படியே போடக் கூடாது. 5 முதல் 19 வயதுவரை உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைதான் அளவுகோல். அது வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறும்.

15 வயதுப் பெண், உயரம் 152 செ.மீ., எடை 36 கிலோ: பி.எம்.ஐ. 15.6. அந்த வயதுக்கு மெலிவின் எல்லை ஏறத்தாழ 15.9. இவள் எல்லைக்குக் கீழே.

12 வயதுப் பெண், உயரம் 148 செ.மீ., எடை அதே 36 கிலோ: பி.எம்.ஐ. 16.4. அந்த வயதுக்கு இது சரியான எடை.

17 வயதுப் பையன், உயரம் 168 செ.மீ., எடை 46 கிலோ: பி.எம்.ஐ. 16.3. எல்லை ஏறத்தாழ 16.9. இவனும் கீழே.

பத்து வருடத்து ஓட்டை

ஐந்து வயதுவரை எடை பார்க்க அங்கன்வாடி இருக்கிறது. அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்டுத் தருவார்கள். கல்யாணமாகிக் கர்ப்பம் என்று தெரிந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவார். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் போடுவார். மாதாமாதம் எடை ஏறுகிறதா என்று பார்ப்பார். நடுவில் இருக்கிற பத்து, பதினைந்து வருடத்துக்கு அப்படிக் கண்காணிக்க ஆளில்லை. அந்த வருடங்களில்தான் உடம்பு தன் இரண்டாவது பெரிய வளர்ச்சியை முடிக்கிறது.

பெரியவரான பிறகு இருக்கப்போகும் உயரத்தில் 15 முதல் 20 சதவீதமும், எடையில் ஏறத்தாழ பாதியும் பதின்வயதில் சேர்வது. பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் வளர்ச்சி உச்சத்தைத் தொடும். பையன் ஒரே வருடத்தில் 9 செ.மீ.க்கு மேல்கூட உயர்வான். ஜூனில் தைத்த பேன்ட் பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறுவது இதனால்தான். பெண்ணுக்கு வயதுக்கு வந்தபின் உயரம் சில சென்டிமீட்டர்களே கூடும். 'சடங்கு முடிஞ்சதும் உளுந்தங்களி போட்டுத் தேத்திடலாம்' என்று பாட்டிகள் சொல்வதில் பாதி உண்மை. களியால் எடை தேறும். போன உயரம் திரும்ப வராது.

உடம்பு என்ன காட்டும்?

'ஓமக்குச்சி' என்றும் 'நோஞ்சான்' என்றும் பட்டப்பெயர் வைக்க நமக்குத் தெரிந்த அளவுக்கு, எது சாதாரண ஒல்லி, எது ஆபத்தான ஒல்லி என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

பரம்பரையாக ஒல்லியான பிள்ளைகள் நிறைய உண்டு. அப்பா அந்த வயதில் எப்படி இருந்தார் என்று பழைய போட்டோவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், ஓடுவார்கள், உயரம் வருடாவருடம் கூடும், பருவ மாற்றங்கள் நேரத்துக்கு வரும், ரத்தப் பரிசோதனையில் குறை இருக்காது. பி.எம்.ஐ. அட்டவணையில் கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தாலும், அந்தக் கோட்டை விட்டு இறங்காமல் கூடவே போவார்கள். இவர்களை மருந்துக் கடைக்கு இழுத்துப் போவது வீண்வேலை. 'ஏன் இப்படி இளைச்சிருக்க?' என்று விசேஷ வீட்டில் கேட்கிற அத்தைகளையும் கொஞ்சம் அடக்கி வைக்கலாம்.

கவலைப்பட வேண்டியவர்களின் உடம்பு வேறு மாதிரி பேசும். கன்னப்பொறியில் குழி விழுந்திருக்கும். காறையெலும்பு துருத்தும், சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம். மேல்கையின் சுற்றளவு முழங்கையை விடச் சிறுத்திருக்கும். தோல் வறண்டு, தலைமுடி சீப்போடு வரும். கை கால் சில்லென்று இருக்கும். மற்றவர்கள் ஃபேன் போடச் சொல்லும்போது இவர்கள் ஸ்வெட்டர் தேடுவார்கள். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். கடைவாயில் புண் ஆறாமல் இருந்தால் பி வைட்டமின் குறைவாக இருக்கலாம். நகம் நடுவில் குழிந்து கரண்டிபோல ஆகியிருந்தால் நாள்பட்ட இரும்புச்சத்துக் குறை. எரிக்க எரிபொருள் இல்லாத உடம்பு முதலில் வெப்பத்தைக் குறைக்கிறது, பிறகு இதயத் துடிப்பை மெதுவாக்குகிறது, அப்புறம் 'இப்போதைக்குத் தேவையில்லை' என்று பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது.

இந்தத் தள்ளிப்போடலைத்தான் வீடுகள் அதிகம் தவறவிடுகின்றன. 13 வயது முடிந்தும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண், 15 வயதாகியும் மாதவிடாய் வராத பெண், 14 வயது முடிந்தும் பருவ மாற்றத்தின் அறிகுறியே தெரியாத பையன்: மூவரையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பெண் வயதுக்கு வரவில்லை என்றால் ஊரே கேட்கும். பையனுக்குக் குரல் உடையவில்லை என்றால் கேட்க ஆளில்லை; அவனும் சொல்ல மாட்டான்.

எடை குறைவாக இருப்பது ஒன்று. இருந்த எடை இறங்குவது இன்னொன்று. இரண்டாவது எப்போதுமே அவசரம். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்த பிள்ளை 50 கிலோவில் நின்றாலும், காரணம் தேட வேண்டும். அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து இளைத்தால் முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். சில நாள் தாமதமும் ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை என்றால் காசநோய். பசி அதிகம், கை நடுக்கம், படபடப்பு என்றால் தைராய்டு. நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்றால் குடல் நோய்கள். குடற்புழு எளிதான காரணம். பள்ளிகளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை அதற்குத்தான்.

பின்னால் வரும் பில்

பதின்வயது மெலிவின் விலை அப்போதே கட்டப்படுவதில்லை. முதலில் எலும்பு. பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் உச்ச எலும்பு வலுவில் ஏறத்தாழ 90 சதவீதம் சேர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கால்சியமும் புரதமும் கிடைக்காமல், மாதவிடாயும் நின்றுபோனால், ஐம்பது வயதில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதற்கான ஏற்பாடு பதினைந்திலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது வகுப்பறை. மூளை கவனிப்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் இரும்புச்சத்து வேண்டும். காலை எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஐந்துவரை ரிவிஷன் என்று பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் ஓட்டுகிற நம் பள்ளிகளில், 'தூங்குமூஞ்சி' என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்படுகிறவர்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே என்று பார்த்தால் ஆசிரியர்களே அதிர்ந்துபோவார்கள்.

பையன்களுக்கு வேலையிலும் அடி விழுகிறது. ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பு மைதானத்தில் 17½ வயதிலேயே நிற்கலாம். பொதுப்பணிப் பிரிவுக்குத் தமிழ்நாட்டு இளைஞர் 166 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். மார்பளவு 77 செ.மீ., மூச்சிழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். ஓட்டத்தில் முதலில் வந்தவன் டேப்பில் தோற்றுத் திரும்புவது இந்த மைதானங்களில் வாடிக்கை. முதல்நாள் ராத்திரி ஒரு சீப்பு வாழைப்பழம் தின்று எடை ஏற்றப் பார்ப்பவர்களும் உண்டு. மூன்று வருடம் முன்னால் தொடங்கியிருக்க வேண்டிய சாப்பாடு அது.

பெண்களுக்கோ, பில் அடுத்த தலைமுறையின் பெயருக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயது முடிவதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. 15-19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள் என்கிறது ஐந்தாவது குடும்ப நல ஆய்வு. இன்னும் வளர்ந்து முடிக்காத உடம்புக்குள் இன்னொரு உடம்பு. இருக்கிற சத்துக்குத் தாயும் சிசுவும் போட்டிபோட, குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் பதினைந்து வருடம் கழித்து அவளும் அதே எடை மிஷினில் வந்து நிற்கிறாள்.

காசநோய்க்கு வாசல்

மெலிவுக்கும் காசநோய்க்கும் உள்ள இணைப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை. ஐந்து முதல் பத்து வயதுவரை அடங்கிக் கிடக்கிற காசநோய், பதின்வயதில் மறுபடி தலைதூக்கும். உடல் எடையும் இந்த நோயும் எதிர்த் திசையில் நகர்கின்றன: பி.எம்.ஐ. ஓர் அலகு கூடினால் காசநோய் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் குறைகிறது.

ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு இதற்கு நேரடிச் சான்று. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தினார்கள். நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. 2023-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: சத்துணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பிலாத் திட்டத்திலும், புது நோயாளி வந்ததும் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று எடையும் உயரமும்தான்.

பெட்டிச் செய்தி: ஒரு நாளைக்கு எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த பரிந்துரை:

13-15 வயதுப் பையன்: 2,860 கலோரி, புரதம் 45 கிராம், இரும்பு 22 மி.கி.
13-15 வயதுப் பெண்: 2,400 கலோரி, புரதம் 43 கிராம், இரும்பு 30 மி.கி.
16-18 வயதுப் பையன்: 3,320 கலோரி, புரதம் 55 கிராம், இரும்பு 26 மி.கி.
16-18 வயதுப் பெண்: 2,500 கலோரி, புரதம் 46 கிராம், இரும்பு 32 மி.கி.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதம், 170 கலோரி. டீயும் இரண்டு பிஸ்கட்டும் 150 கலோரியைத் தொட்டாலே அதிகம்.

டப்பாவும் மாத்திரையும்

பிள்ளை ஒல்லி என்றதும் வீடு முதலில் தேடுவது டப்பா. பாலில் கலக்குகிற சாக்லேட் மாவுகள் எத்தனையோ பத்தாண்டுகளாக 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரில் நம் சமையலறை அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பெயருக்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை என்று காட்டி, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளை அந்த வகைப்பாட்டிலிருந்து இவற்றை நீக்கச் சொன்னது. சர்க்கரைதான் இவற்றில் பலவற்றின் முக்கியச் சரக்கு. வேர்க்கடலை அடைத்த டப்பாவுக்கு டி.வி.யில் விளம்பரம் வராது என்பதுதான் அதன் குறை.

ஜிம்முக்குப் போகிற பதினேழு வயதுப் பையன் புரோட்டீன் பவுடர் வாங்க அடம்பிடிப்பான். மொத்தக் கலோரியே பற்றாத உடம்பில் புரதத்தை மட்டும் கொட்டினால், அதையும் எரித்துத்தான் தீர்க்கும், தசையாகாது. மூன்று வேளை சோறு சரியாக இறங்கிய பிறகு பேச வேண்டிய விஷயம் அது.

இவற்றை விட மோசமானது கவுன்ட்டரில் கேட்காமலே கிடைக்கிற 'குண்டாகும் மாத்திரை'. சைப்ரோஹெப்டடின் என்பது அலர்ஜிக்கான மருந்து. பசியைத் தூண்டும் என்பதால் எடை கூட்டவும் விற்கிறார்கள். தூக்கத்தைக் கூட்டிக் கொடுக்கும், நிறுத்தினால் பசியும் நிற்கும். சிலர் இதோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் பொட்டலத்தில் சேர்க்கிறார்கள். இரண்டு வாரத்தில் முகம் உப்பும். 'பாருங்க, தெளிஞ்சுட்டான்' என்று வீடு மகிழும். உப்பியது கொழுப்பும் நீரும். உள்ளே எலும்பு கரைகிறது, சர்க்கரை ஏறுகிறது, வளர்ச்சி குன்றுகிறது, நோய் எதிர்ப்பு விழுகிறது. பல வாரம் தின்றபின் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உயரம் கூட வேண்டிய வயதில் உயரத்தை நிறுத்துகிற மருந்தை, தேறுவதற்காக வாங்கித் தருகிறோம்.

எடை எப்படியாவது ஏறினால் போதும் என்ற எண்ணத்துக்கு இன்னொரு மறுப்பு, புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் ஆய்வுகள். அவருக்கும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் யுட்கினுக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இருவரும் தங்கள் படத்தோடு 2004-இல் 'லான்செட்'டில் இதை வெளியிட்டார்கள். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் உடல்வாகு. மெலிந்த பிள்ளைக்குப் பரோட்டாவும் கூல் டிரிங்க்ஸும் ஊட்டி எடை ஏற்றினால் தசை சேராது, வயிறு சேரும். முப்பது வயதில் சர்க்கரை நோய் வரலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் எடைக்குறைவு, 40.4 சதவீதம் பேர் அதிக எடை என்ற கணக்கைப் பாருங்கள். பல வீடுகளில் முதல் கூட்டத்தில் மகளும் இரண்டாவதில் அம்மாவும் இருக்கிறார்கள்.

சாப்பிடாமல் இருக்க விரும்பும் பிள்ளை

தட்டில் சோறு இருந்தும் சாப்பிடாதவர்கள் தனிக் கூட்டம். மொபைலில் கன்ன எலும்பும் இடுப்பு அளவும் பார்த்துப் பார்த்து, 'எனக்குத் தொப்பை' என்று நாற்பது கிலோப் பெண் சொல்கிறாள். 'ஸ்கூல்லயே சாப்பிட்டேன்' என்று வீட்டிலும், 'வீட்ல சாப்பிட்டேன்' என்று பள்ளியிலும் சொல்வாள். சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போவாள். கைகளில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் முளைக்கும், மாதவிடாய் நிற்கும், படிப்பில் மட்டும் முதலிடத்தில் இருப்பாள். அனரெக்சியா நெர்வோசா என்ற இந்த நோய், மனநோய்களில் உயிரிழப்பு அதிகமான வகைகளில் ஒன்று. 'திமிரு, நாலு அடி போட்டா சாப்பிடுவா' என்று நினைக்கிற வீட்டில் அது முற்றும்.

நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக விருந்து போடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று சரிந்து இதயம் நின்றுபோகலாம். மிகவும் இளைத்தவர்களை மருத்துவமனையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேற்ற வேண்டும்.

பிளஸ் ஒன்னில் நிற்கும் முட்டை

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சிறுவர்களுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1984-இல் பத்திலிருந்து பதினைந்து வயதுக்காரர்களுக்கும் விரிந்தது. முட்டையைத் தட்டில் சேர்த்தது கருணாநிதி ஆட்சி. வாரம் ஐந்து என்று ஆனதும் அவர் காலத்தில்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. பெருமைப்பட வேண்டிய வரலாறு. இந்தியாவுக்கே முன்னோடி என்று நாம் சொல்லிக்கொள்வதில் மிகையில்லை.

ஆனால் வயதுக் கணக்கைப் பாருங்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. பெண் பிள்ளையின் வளர்ச்சி உச்சம் ஆறு, ஏழாம் வகுப்பில். மதிய உணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. பையன் நாளுக்கு 3,320 கலோரி கேட்கிற வயது பிளஸ் ஒன். போன ஏப்ரல்வரை முட்டை சாப்பிட்டவன், ஜூனில் அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்துக்கு மாறியதும் பட்டியலில் இல்லை. பசி அவனுக்குக் கூடியிருக்கிறது, உரிமை போய்விட்டது. மேல்நிலை மாணவர்களுக்கும் சாப்பாடு நீள வேண்டும் என்பதும், காலை உணவு எட்டாம் வகுப்புவரையாவது வர வேண்டும் என்பதும் என் கட்சி. காசு எங்கே என்பார்கள். 1982-இலும் அதைத்தான் கேட்டார்கள்.

பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை நல்ல திட்டம்; 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். விழுங்கியதாகக் காட்டி ஜன்னல் வழியே எறிகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயந்துவிடுவார்கள். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு, கண் முன்னால் தண்ணீரோடு கொடுத்தால் போதும். மாத்திரையை ஒட்டி டீ கூடாது. இரும்பை உறிஞ்ச விடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது. விளையாட்டாகக் கைநிறைய விழுங்குவது உயிருக்கு ஆபத்து என்பதையும் மாணவர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டுத் தட்டில்

செலவு அதிகமில்லாமல் கலோரி கூட்ட நம் சமையலிலேயே வழி இருக்கிறது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைக்கிறது. சாம்பாரில் கரண்டி விட்டுப் பருப்பைத் தேடாதபடி கெட்டியாக வைத்து, மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். முதல்நாள் ராத்திரி ஊற வைத்த வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் அவித்துப் பையில் போட்டுவிடலாம். பழைய சோற்றில் தயிர், தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு. கேழ்வரகுக் கூழில் வெல்லம். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரையில் முட்டை போட்டுப் பொரியல். இட்லி இறங்காத காலையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு முட்டையும் கையில் கொடுத்து பஸ் ஏற்றலாம். ஒரே வேளையில் அடைப்பதை விட, நாளுக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைப்பதே ஒல்லிப் பிள்ளைகளுக்கு ஒத்துவரும். மாதம் ஒரு கிலோ ஏறினாலே நல்ல முன்னேற்றம்; பத்து நாளில் ஐந்து கிலோ என்று எவராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று மாதம் இப்படிக் கொடுத்தும் எடை நகரவில்லை என்றால், அல்லது மேலே சொன்ன அறிகுறி ஒன்றாவது இருந்தால், அரசு மருத்துவமனைக்குப் போவதே சரி. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டம் பிறந்த குழந்தையிலிருந்து 18 வயதுவரை இலவசப் பரிசோதனையும் மேல்சிகிச்சையும் தருகிறது. பள்ளிக்கு வரும் ஜீப் அந்தத் திட்டத்தின் வண்டிதான். அவர்கள் கொடுக்கிற சீட்டைக் காட்டினால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் பார்ப்பார்கள். போகும்போது பிள்ளையின் பழைய எடையும் உயரமும் எழுதிய தாள் ஏதாவது இருந்தால், பள்ளி நோட்டின் ஜெராக்ஸ் ஆனாலும் சரி, எடுத்துக்கொண்டு போங்கள். இன்றைய எடையை டாக்டரே பார்த்துக்கொள்வார். போன வருடத்து எடை உங்களிடம்தான் இருக்கும்.